அழுத்தமின் விளைவு

அழுத்தமின் விளைவு என்பது சில படிகங்களை அழுத்தும்போதோ வளைக்கும்போதோ அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றும் இயற்பியல் நிகழ்வு ஆகும். இது பீசோ மின் விளைவு எனவும் அழைக்கப்படுகிறது. 'பீசோ' என்பது அழுத்துதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெறப்பட்டது. குவார்ட்சு, தோரமல்லி, ரோசெல் உப்பு, கரும்புச் சர்க்கரைப் படிகம் ஆகியவை இப்பண்பு உடையவை.

வரலாறு

இவ்விளைவின் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த கற்களுள் ஒன்று இலங்கையில் கிடைக்கும் தோரமல்லி. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'டூர்மலின்' என்னும் பெயர் இச்சிங்களச் சொல்லின் திரிபே. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இக்கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். சூடாக்கப்பட்ட கல் சாம்பலை ஈர்த்ததால் அதனைச் 'சாம்பல் இழுப்பான்' என்னும் பொருள்படப் பெயரிட்டு அழைத்தனர். இவ்வீர்ப்புக்கு மின்னூட்டமே காரணம் என்பதை 1756 இல் ஏப்பினசு ஆய்ந்து காட்டினார். வெப்பநிலை மாற்றத்தால் நிகழும் இது பைரோ மின் விளைவு எனப்படும்.

பைரோ மின் விளைவை ஆராய்ந்து வந்த பிரெஞ்சு அறிவியலாளர்களான ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள், அழுத்தத்தாலும் படிகங்களில் மின்னூட்டம் தோன்றுவதை 1880 இல் செய்முறையில் நிறுவினர். தோரமல்லியும் குவார்ட்சும் அவர்கள் சோதித்த படிகங்களுள் அடங்கும்.

இயங்கும் முறை

குவார்ட்சில் சிலிக்கான் நேர் மின்தன்மையும் ஆக்சிசன் எதிர் மின்தன்மையும் கொண்டுள்ளன. இயல்பு நிலையில் இவ்விரு மின்னூட்டங்களின் மையங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருப்பதால் வெளியே மின்னூட்டம் தெரிவதில்லை. படிகத்தைத் தக்க திசையில் அழுத்தினால் அணுக்கள் சற்றே இடம்பெயர்ந்து, மையங்கள் விலகுகின்றன. அதனால் ஒரு முகத்தில் நேர் மின்னூட்டமும் எதிர் முகத்தில் எதிர் மின்னூட்டமும் தோன்றுகின்றன. அழுத்துவதற்குப் பதிலாக இழுத்தால் மின்னூட்டங்களின் குறி மாறும்.

கறியுப்புப் படிகத்தை எவ்வளவு அழுத்தினாலும் இவ்வாறு நிகழாது. அதன் அமைப்பு நடுப்புள்ளியைப் பொறுத்துச் சமச்சீரானது. எனவே அழுத்தும்போதும் மையங்கள் பிரிவதில்லை. மொத்தமுள்ள 32 படிக வகுப்புகளுள் 20 வகுப்புகளே அழுத்தமின் பண்பு கொண்டவை.

எதிர் விளைவு

இப்படிகங்களுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அவை சிறிதளவு நீளும் அல்லது சுருங்கும். இதனை 1881 இல் லிப்மன் கோட்பாட்டளவில் முன்னறிவித்தார். அதே ஆண்டில் கியூரி சகோதரர்கள் சோதனையால் உறுதி செய்தனர்.

பயன்கள்

* கைக்கடிகாரம்: குவார்ட்சுப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணை 15 முறை இரண்டால் வகுத்தால் 1 கிடைக்கும். இவ்வாறே நொடி கணக்கிடப்படுகிறது.
* எரிவாயு அடுப்பு லைட்டர்: மின்கலம் இல்லாத வகையில், வில்சுருளால் உந்தப்படும் சிறு சுத்தி பீங்கான் போன்ற அழுத்தமின் பொருளைத் தாக்குகிறது. அதனால் எழும் பல ஆயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் தீப்பொறியை உண்டாக்குகிறது.
* மீயொலிக் கருவிகள்: மருத்துவ ஸ்கேன் கருவி எதிர் விளைவால் ஒலியை அனுப்பி, நேர் விளைவால் எதிரொலியை உணர்கிறது.

உயிரினங்களில்

எலும்பும் இவ்விளைவைக் காட்டுவதை 1957 இல் சப்பானிய அறிவியலாளர்களான புகாடாவும் யசுடாவும் கண்டறிந்தனர். இதற்குக் காரணமானது கொலாசன் என்னும் புரதம். அப்புரதத்தின் முச்சுருள் அமைப்பை 1954 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தனர்.

மின்னுற்பத்தியில் வரம்புகள்

அழுத்தமின் பொருள்கள் இலவசமாக மின்சாரம் தரும் என்பது தவறான கருத்து. குவார்ட்சை 1 நியூட்டன் விசையால் அழுத்தினால் கிடைப்பது ஏறத்தாழ 2.3 பிக்கோகூலோம், அதாவது ஒரு கூலோமின் இலட்சம் கோடியில் 2.3 பங்கு மட்டுமே. மேலும், அழுத்தம் மாறும்போதுதான் மின்னோட்டம் உண்டாகும். கல்லின்மீது நிலையான பாரத்தை வைத்தால் தொடர்ந்து மின்சாரம் கிடைக்காது.

எடுத்துக்காட்டாக, 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் மிதிக்கும்போது தரை 5 மில்லிமீட்டர் அமிழ்ந்தால், அவர் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 2.5 ஜூல். அதில் ஒரு பகுதியே மின்னாற்றலாக மாறும். அந்த ஆற்றலும் நடப்பவரின் உடலிலிருந்தே பெறப்படுகிறது. ஆகவே இவ்விளைவு பேரளவு மின்னுற்பத்தியை விட, உணரிகளுக்கும் மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிறு கருவிகளுக்கும் ஏற்றதாகும்.