தரப்படுத்தல்: ஒரு சொல், இரண்டு கணக்கு

எங்கள் குடும்பத்தில் ‘தரப்படுத்தல்’ என்ற சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். பெரியப்பா வடமராட்சிக்காரர். 1971 பல்கலைக்கழக அனுமதியில் பொறியியலுக்கு விண்ணப்பித்து, 240க்கு மேல் புள்ளி எடுத்தும் இடம் கிடைக்காமல் போனவர். சித்தி மன்னாரில் பிறந்து வளர்ந்தவர். 1976இல் விஞ்ஞானம் படிக்கப் பல்கலைக்கழகம் போனார். அவருடைய பள்ளிக்கூடத்திலிருந்து அப்படிப் போன முதல் பெண் அவர்தான். தரப்படுத்தல் எங்கட சனத்தின்ர படிப்பை அழிச்சுப் போட்டுது என்பார் பெரியப்பா. சித்தி அதை மறுப்பதில்லை. ஆனால், “அத்தான், உங்கட பள்ளிக்கூடத்தில லாப் இருந்தது. நாங்கள் பன்சன் அடுப்பைப் படத்திலதான் பார்த்தனாங்கள்” என்று மெல்லச் சொல்லுவார்.

இருவர் சொல்வதும் உண்மை. நாம் ஒரே பெயரால் அழைப்பது இரண்டு வேறு நடைமுறைகளை என்பதால்தான் இரண்டும் உண்மையாக இருக்க முடிகிறது. ஒன்று மொழியை வைத்துப் பிரித்தது. மற்றது மாவட்டத்தை வைத்துப் பிரித்தது. இவற்றைத் தனித்தனியாக எடுத்துப் பார்க்காமல், யாருக்கு என்ன நடந்தது என்று சொல்ல முடியாது.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கியது. 1952இல் பேராதனைக்குப் போனது. அப்போதைய தெரிவு எளிமையானது: ஒரு போட்டிப் பரீட்சை, அதில் எடுத்த புள்ளி, மேலிருந்து கீழாக ஒரு பட்டியல். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்த பிறகு, ஏழைப் பிள்ளையும் அந்தப் பட்டியலுக்குள் வரலாம் என்ற நிலை வந்தது. ஆனால் இலவசமாகக் கிடைத்தது வகுப்பறைதான். இரசாயனவியல், பௌதிகவியல் படிப்பிக்கக்கூடிய ஆசிரியரும் ஆய்வுகூடமும் எல்லா ஊருக்கும் போய்ச் சேரவில்லை. அவை கொழும்பையும் அதைச் சுற்றிய மேல் மாகாணத்தையும் விட்டால், யாழ்ப்பாணத்தில் இருந்தன.

யாழ்ப்பாணத்தில் ஏன் என்பதற்கு நீண்ட கதை உண்டு. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசன் செமினரியைத் தொடங்கியதிலிருந்து, மிசன் பள்ளிக்கூடங்களும் அவற்றுக்குப் போட்டியாக எழுந்த சைவப் பள்ளிக்கூடங்களும் குடாநாட்டை நிரப்பின. ஆறில்லாத, சுண்ணாம்புக்கல் மண். கிணற்றுத் தண்ணீரில் புகையிலையும் வெங்காயமும் செய்யலாம், எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு பிரிக்கக் காணி காணாது. ஆகவே அரசாங்க உத்தியோகமே அடுத்த காணி. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது எழுதுவினைஞர் வேலையின் பாதை குறுகியது. மிஞ்சியது மருத்துவமும் பொறியியலும். 1969இல் நாட்டின் சனத்தொகையில் 7 வீதத்தைக் கொண்ட வட மாகாணம், விஞ்ஞானம் சார்ந்த பீடங்களுக்குப் போனவர்களில் 27.5 வீதத்தை அனுப்பியது. 26 வீதச் சனத்தொகை கொண்ட மேல் மாகாணம் 67.5 வீதத்தை அனுப்பியது. கூட்டிப் பாருங்கள்: மூன்றில் ஒரு பங்குச் சனம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இடத்தை எடுத்தது. மிச்ச இலங்கைக்கு, அதாவது மொனராகலைக்கும் மட்டக்களப்புக்கும் அநுராதபுரத்துக்கும் மன்னாருக்கும் சேர்த்து, எஞ்சியது ஐந்து.

இந்த அநீதிக்கு ஒரு பரிகாரம் வேண்டும் என்பதில் நேர்மையான எவருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஆனால் முதலில் வந்தது இந்த அநீதிக்கான பரிகாரம் அல்ல.

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். தமிழ்மொழி விடைத்தாள்களைத் திருத்தியவர்கள் புள்ளிகளை அள்ளிப் போட்டார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. அது நிரூபிக்கப்பட்டதில்லை. ஆனால் 1971 அனுமதியில் மொழிக்கு மொழி வேறு வெட்டுப்புள்ளி வந்துவிட்டது. 400 புள்ளிகளில், மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250, சிங்களமொழி மூல மாணவருக்கு 229. பொறியியலுக்கு 250, 227. பெரியப்பா விழுந்தது இந்த இடைவெளிக்குள்தான்.

இதில் எந்தப் பின்தங்கிய ஊரும் கணக்கில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொழும்பில் பெரிய கல்லூரியில் படித்த சிங்களப் பிள்ளைக்கு 227 போதும். ஆய்வுகூடமே இல்லாத மன்னார்ப் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு 250 வேண்டும். சித்தி அந்த வருடம் எழுதியிருந்தால் அவருக்கும் இதே கதிதான்.

1973இல் இது நாகரிகமான கணித வடிவம் பெற்றது. தரப்படுத்தல் என்ற பெயருக்கு உண்மையில் உரியது இதுதான். ஒவ்வொரு மொழிமூலத்திலும் எழுதியவர்களின் சராசரியையும் புள்ளிகளின் பரவலையும் எடுத்து, இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது. விளைவாக, ஒவ்வொரு மொழியிலிருந்தும் தெரிவாவோரின் பங்கு, அந்த மொழியில் பரீட்சை எழுதியோரின் பங்கோடு ஏறத்தாழ ஒத்துப்போகும். கணிதத்தில் பிழை ஏதும் இல்லை. யாரை யாரோடு சேர்த்துச் சராசரி எடுப்பது என்ற முடிவு கணிதத்துக்கு வெளியே எடுக்கப்பட்டது.

மாவட்டம் உள்ளே வந்தது 1974இல். சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கு இடங்கள் பிரிக்கப்பட்டன. மொழிவாரித் தரப்படுத்தலும் கூடவே இருந்தது. 1975இல் முழுவதுமே மாவட்டப் பங்கீடு. எதிர்ப்பு வலுத்தபின் 1976இல் 70 வீதம் புள்ளிக்கும் 30 வீதம் மாவட்டத்துக்கும் என மாறியது. அந்த முப்பதில் பாதி பின்தங்கிய மாவட்டங்களுக்கு. சித்தி போனது அந்தப் பாதியில்.

விளைவு பயங்கரமாக இருந்தது. வட மாகாணத்தின் 27.5 வீதம் 1974இல் 7 ஆனது. மேல் மாகாணத்தின் 67.5 வீதம் 27 ஆனது. அதாவது கொழும்பும் கடுமையாக அடி வாங்கியது. ஆனால் இரண்டு அடிகளும் ஒன்றல்ல. கொழும்பில் தவறிய பிள்ளைக்கு வங்கி, கம்பெனி, சிங்களத்தில் நடக்கும் அரசாங்கம் எல்லாம் இருந்தன. பருத்தித்துறையில் தவறிய பிள்ளைக்கு அடுத்த கதவு எது? காசிருந்தவர்கள் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் படிக்கப் போனார்கள். பெரியப்பா சங்கக்கடையில் கணக்கெழுதப் போனார். 1970இலேயே தமிழ் மாணவர் பேரவை தோன்றியிருந்தது. சந்திகளில் பேசப்பட்டதெல்லாம் வெட்டுப்புள்ளி. ஒரு தலைமுறையின் அரசியலை இந்த ஒன்று மட்டும் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையாகும். ஆனால் பள்ளிக்கூடப் பெடியள் தெருவுக்கு இறங்கியதற்கு இதுதான் முதல் காரணம்.

மாவட்டப் பங்கீட்டிலும் ஒரு சிக்கல் இருந்தது. ‘உள்ளூர்’ என்பதை எந்தக் கோட்டால் வரைவது? 1984 வரை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. குடியேற்றத் திட்டத்தில் வந்து நெல் விதைத்தவனின் பிள்ளை, கொட்டில் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, யாழ் நகரக் கல்லூரிகளோடு ஒரே பட்டியலில் நிற்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தின் வசதி அவனுக்கு இல்லை. யாழ்ப்பாணத்தின் தண்டனை மட்டும் உண்டு. மலையகத்தில் கதை இன்னும் கொடியது. நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் சனத்தொகைப்படி இடம் கிடைத்தது. அந்தச் சனத்தொகையில் பெரும்பங்கு 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள். பெரும்பாலான தோட்டப் பள்ளிகளோ ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டன. தலையை எண்ணினார்கள், இடம் வேறொருவருக்குப் போனது.

1977இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய தேசியக் கட்சி மொழிவாரித் தரப்படுத்தலைக் கைவிட்டது. மாவட்டப் பங்கீடு தங்கிவிட்டது. 1979இல் 30 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 15 வீதம் பின்தங்கிய மாவட்டம். இன்று அது 40, 55, 5. கலைத்துறைக்கு மட்டும் அகில இலங்கைப் பட்டியல். 2001இல் இசட் புள்ளி வந்தது. சராசரி, பரவல் என்ற அதே பழைய கணிதம்தான். ஆனால் இம்முறை மொழியை வைத்து அல்ல, பாடத்தை வைத்து. கஷ்டமான பாடத்தில் 50 எடுத்தவனும் இலகுவான பாடத்தில் 50 எடுத்தவனும் சமம் அல்ல என்று காட்டுவதற்காக. அதே கருவி, வேறு கை.

நான் உயர்தரம் எழுதியது வவுனியாவில், 2003இல். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாயோ அதுதான் உன் மாவட்டம் என்றார்கள். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் இடம்பெயர்ந்து வந்தவர்கள். பிறந்தது ஓரிடம், ஓடியது நாலிடம், சோதினை எழுதியது அஞ்சாமிடம். வேறு சிலர் ரியூசனை நகரத்தில் வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் பின்தங்கிய மாவட்டத்துப் பள்ளிக்கூட இடாப்பில் வைத்திருந்தார்கள். வெட்டுப்புள்ளி எங்கே குறைவோ அங்கே பிள்ளையைப் பதிகிற பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்த இடம் யாருக்காக ஒதுக்கப்பட்டதோ அந்தப் பிள்ளை மறுபடியும் வாசலில் நிற்கிறது.

இன்று பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்டிருக்கும் 16 மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. ஒரு காலத்தில் அளவுக்கு மேல் எடுக்கிறது என்று வெட்டப்பட்ட இடம், போருக்குப் பின் கைகொடுக்க வேண்டிய இடமாகிவிட்டது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப என்ர பேரப்பிள்ளைக்குச் சலுகையோ?” என்று கேட்டார். கோபமா பகிடியா என்று எனக்கு விளங்கவில்லை.

ஐம்பது வருடமாக நாம் சண்டை பிடித்தது எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றி. எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றிக் கேட்டது குறைவு. அண்மை ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே. எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் மிச்சப்பேர் வெளியேதான். யார் வெளியே என்பதை மட்டுமே சூத்திரம் சொல்லும்.

மாவட்டப் பங்கீடு தேவை என்றே நான் நினைக்கிறேன். சித்தி பின்னர் மன்னாருக்கே திரும்பிப்போய், முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தார். அவரிடம் படித்தவர்கள் பலர் கம்பஸ் போனார்கள். ஆனால் அதை 1971இன் மொழிப் பிரிப்போடு ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம். முன்னையது ஒரு இனத்தைக் குறைக்கச் செய்த கணக்கு. பின்னையது, எவ்வளவு கோணலாக நடந்திருந்தாலும், ஊரில்லாத பள்ளிக்கூடங்களுக்கு ஒரு ஊரைக் கொடுக்கச் செய்த கணக்கு. பெரியப்பாவுக்கு இழைக்கப்பட்டதை அநீதி என்று சொல்வதற்கு, சித்தி பெற்றதைச் சலுகை என்று சொல்ல வேண்டியதில்லை.