கார்பிள்: மட்டாஞ்சேரி மிளகுச் சந்தையில் வாழும் ஒரு பழஞ்சொல்

கொச்சி மிளகு விலைப்பட்டியலில் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று அன்கார்பிள்ட், மற்றது கார்பிள்ட். மலையாள நாளிதழ்களின் சந்தைப் பக்கம் இந்தச் சொற்களை மொழிபெயர்ப்பதில்லை, மலையாள எழுத்தில் அப்படியே அச்சிட்டுவிடுகிறது. கார்பிள்ட் மிளகுக்கு எப்போதும் விலை கூடுதல். அண்மை ஆண்டுகளில் குவிண்டாலுக்கு 1,500, 2,000 ரூபாய் என்ற அளவில் அந்த வித்தியாசம் இருந்துவருகிறது.

பள்ளியில் ஆங்கிலம் படித்தவருக்கு இது விளங்காது. அவர் அறிந்த கார்பிள்ட் என்ற சொல்லுக்குக் குழம்பியது, சிதைந்தது, திரிந்தது என்று பொருள். தொலைபேசியில் விட்டுவிட்டுக் கேட்கும் குரல் கார்பிள்ட். எழுத்துரு பொருந்தாமல் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகத் திறக்கும் தமிழ்க் கோப்பு கார்பிள்ட். குழம்பிய சரக்குக்கு யாராவது அதிக விலை கொடுப்பார்களா? மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கேட்டால் தரகர் தயங்காமல் விடை சொல்வார்: கார்பிள்ட் என்றால் சுத்தம் செய்தது, அன்கார்பிள்ட் என்றால் செய்யாதது. சுத்தம் என்பதும் சிதைவு என்பதும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது. அந்த வரலாறு நெடுக மிளகின் வரலாறாகவே இருக்கிறது.

முசிறித் துறையிலிருந்து மிளகு ரோமாபுரிக்குப் போன காலத்தில் அங்கே சல்லடைக்குப் பெயர் கிரிப்ரம். அதன் குறுமை வடிவம் கிரிபெல்லும், சிறு சல்லடை. இந்த லத்தீன் சொல்லிலிருந்தே அரபியின் ‘கிர்பால்’ பிறந்தது என்பது மொழியியலாளர் பலரும் ஏற்கும் கருத்து. சலித்தல் என்ற வினைக்கு அரபியில் ‘கர்பல’. ரோமப் பேரரசு மறைந்தபின் மலபார் மிளகின் மேற்குப் பயணம் பெரும்பாலும் அரபுக் கப்பல்களில் நடந்தது. செங்கடல் வழியாக அலெக்சாந்திரியாவுக்கு வந்த சரக்கை வெனிஸ், ஜெனோவா, கத்தலான் வணிகர்கள் வாங்கினர். சரக்கோடு சலிக்கும் வேலையும், அந்த வேலையோடு சொல்லும் ஐரோப்பாவுக்குத் திரும்பின. இத்தாலியில் ‘கர்பெல்லாரே’, கத்தலானில் ‘கர்பெல்’, ஸ்பானிய மொழியில் ‘கர்பில்யோ’. ஸ்பானிய மொழியில் லத்தீனிலிருந்து நேராக வந்த ‘கிரிபா’ என்ற சல்லடையும் இருக்கிறது, அரபு நாடுகளைச் சுற்றி வந்த ‘கர்பில்யோ’ என்ற சல்லடையும் இருக்கிறது. ஒரே வேர்ச்சொல் இரண்டு வழிகளில் ஒரே வீட்டுக்கு வந்திருப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்றுகள் குறைவு.

பிளாரன்ஸ் நகரின் பார்டி நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்செஸ்கோ பெகலோட்டி, 1340ஐ ஒட்டிய ஆண்டுகளில் வணிகர்களுக்கான கையேடு ஒன்றைத் தொகுத்தார். எந்த ஊரில் என்ன எடை, என்ன நாணயம், எந்த நறுமணப்பொருளைச் சலித்துத் தரவேண்டும் என்றெல்லாம் அதில் குறித்திருக்கிறார். அவர் கையில் அந்தச் சொல் முழுக்க முழுக்கத் தொழிற்சொல். ஏமாற்று என்ற வாடை அதில் துளியும் கிடையாது.

ஆங்கிலத்தில் கார்பிள் என்ற வினை 15ஆம் நூற்றாண்டில் பதிவாகிறது. லண்டனில் மிளகு வணிகர் சங்கம் அதற்கு முன்பே இருந்தது. 1180இல் அரசு அனுமதி இல்லாமல் சங்கம் வைத்திருந்ததற்காக இரண்டாம் ஹென்றி அவர்களுக்கு அபராதம் விதித்தார், அந்த அபராதமே இன்று நமக்குச் சான்று. 1345இல் ஒரு சகோதர சங்கமாகக் கூடிய இந்த மிளகு வணிகர்களின் வழிவந்ததே கிராசர்ஸ் கம்பெனி. 1428இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. மளிகைக்கடையைக் குறிக்கும் கிராசரி என்ற சொல்லின் பின்னால் நிற்பவர்களும் இந்த மொத்த வணிகர்கள்தாம். நறுமணப்பொருளைச் சலித்துத் தரம் பார்க்கும் பொறுப்பும் இவர்களைச் சார்ந்தே வளர்ந்தது. அதற்கென்று ஓர் அதிகாரி இருந்தார், பெயர் கார்பிளர். லண்டன் நகரில் எந்தக் கடைக்குள்ளும் கிடங்குக்குள்ளும் நுழைந்து, மிளகையும் இஞ்சியையும் கிராம்பையும் திறக்கச் சொல்லி, சலித்துப் பார்த்து முத்திரையிட அவருக்கு உரிமை இருந்தது. 1604இல் முதலாம் ஜேம்ஸ் காலத்து நாடாளுமன்றம் நறுமணப்பொருள்களை ஒழுங்காகக் கார்பிள் செய்வதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்து அப்போது நான்கு ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை.

அரசு இவ்வளவு தலையிட்டதற்குக் காரணம் எடை. மிளகு எடைக்கு விற்கும் பண்டம். மண்ணுக்கும் காம்புக்கும் ஈரத்துக்கும் அதே எடை உண்டு. கொச்சியில் போர்த்துகீசியர் பட்ட பாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1503இல் வாஸ்கோ ட காமா கொச்சி வணிகர்களுடன் மிளகுக்கு நிலையான விலை பேசினார். சந்தை விலை ஏறினாலும் போர்த்துகீசியர் கொடுத்த விலை ஏறவில்லை. விலையில் கிடைக்காததை விற்றவர்கள் எடையில் எடுத்துக்கொண்டார்கள். சரியாகக் காயாத, தூசி போக்காத மிளகு கப்பலேறி, லிஸ்பன் போய்ச் சேர்வதற்குள் காய்ந்து நிறை குறைந்தது என்ற புலம்பலைப் போர்த்துகீசிய ஆவணங்களில் காணலாம். இதை மலபார்க்காரரின் நேர்மைக்குறைவு என்று எழுதிய ஐரோப்பியர் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. துப்பாக்கி முனையில் விலையைக் கட்டிவைத்தவன் தரத்தைப் பற்றிப் புகார் சொல்வது பாதிக் கணக்கு மட்டுமே.

இனி சொல்லின் திருப்பம். சலிப்பது என்றால் நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதைத் தள்ளுவது. எது நல்லது, எது கெட்டது என்று முடிவு செய்பவர் யார்? மிளகில் இந்தக் கேள்விக்குக் கண்ணும் கையும் விடை சொல்லிவிடும். மனிதர்களிடத்திலும் எழுத்திலும் அப்படி இல்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில அரசியலில் படையிலிருந்தோ நகரமன்றத்திலிருந்தோ தமக்கு ஆகாதவர்களைக் களைவதற்கும் கார்பிள் என்ற சொல் வழங்கியது. களைபவர் தரப்பில் அது சுத்தம், களையப்பட்டவர் தரப்பில் அநியாயம். அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் சொல் ஏடுகளுக்குள் புகுந்தது. எதிராளியின் பேச்சிலோ நூலிலோ தனக்கு வேண்டிய வரிகளை மட்டும் பொறுக்கி, பொருள் திரியும்படி எடுத்துக்காட்டுவதே அப்போது கார்பிள். பொறுக்குதல் என்ற செயல் மாறவில்லை, பொறுக்கியவரின் நோக்கம் மாறிவிட்டது. அதற்கும் பிறகு நோக்கம்கூட உதிர்ந்தது. யாரும் வேண்டுமென்று செய்யாமல், கம்பியில்லாத் தந்தியின் இரைச்சலில் எழுத்துகள் மாறிப்போனாலும் செய்தி கார்பிள்ட் ஆனது. இன்று பெரும்பாலோர் அறிந்த பொருள் இந்தக் கடைசிப் படிதான்.

சொல் ஏடுகளுக்குள் புகுந்த காலத்தை ஒட்டியே கார்பிளரின் பதவியும் போனது. 1707இல் ஆன் அரசியின் ஆட்சியில் 1604ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. லண்டன் மாநகருக்கு அதனால் ஏற்பட்ட வருவாய் இழப்புக்கு ஈடாக, தரகர்களுக்கு அனுமதி வழங்கிக் கட்டணம் பெறும் உரிமை தரப்பட்டது. சல்லடைக்காரரின் இடத்தில் தரகர் வந்து உட்கார்ந்தார். சொல்வரலாற்றில் இந்த ஆண்டைப் பலரும் கவனிப்பதில்லை. தொழிலைக் காப்பாற்றிய சட்டம் போனபின் பழைய பொருளுக்கு லண்டன் தெருவில் ஊன்றுகோல் இல்லாமல் போயிற்று என்பது என் கணிப்பு.

ஆனால் நறுமணப்பொருள் வணிகர்களின் கடிதத்திலும் கணக்கிலும் அந்தப் பொருள் நீடித்தது. 1795இல் கொச்சி டச்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் கிளை பரப்பிய ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் மிளகு, இஞ்சி, கயிறு ஆகியவற்றை ஏற்றுமதி செய்தன. 1867இல் தொடங்கிய ஆஸ்பின்வால் அவற்றில் ஒன்று. லண்டன் வணிகரின் தொழில்மொழி இந்த வழியாகவே பஜார் ரோட்டின் பண்டகசாலைகளுக்கு வந்து ஊன்றியிருக்க வேண்டும். வாங்குபவர்கள் குஜராத்தியர், கொங்கணியர், யூதர், கச்சி மேமன்கள் என்று பல மொழிக்காரர்கள். யாருக்கும் தாய்மொழி அல்லாத ஆங்கிலச் சொல் எல்லாருக்கும் பொதுவாக வாய்த்தது.

1937ஆம் ஆண்டு வேளாண் விளைபொருள் தரப்படுத்தல் சட்டமும் அதன் வழிவந்த அக்மார்க் விதிகளும் அந்தச் சொல்லுக்கு இந்தியக் குடியுரிமை கொடுத்தன என்றே சொல்லலாம். எம்ஜி 1 என்று சந்தையில் வழங்கும் தரத்தின் முழுப்பெயர் மலபார் கார்பிள்ட் 1. அதில் மண், கல், காம்பு போன்ற பிறபொருள் அரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பொக்கு மணி 2 சதவீதம், ஈரம் 11 சதவீதம். இதற்கு மேலே தலச்சேரி கார்பிள்ட் என்ற வரிசை. 4 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கினால் அது டிஜி, 4.25இல் தங்கினால் டிஜிஇபி, 4.75இல் தங்கினால் டிஜிஎஸ்இபி. தலச்சேரி என்பது இங்கே மணியின் பருமனுக்குப் பெயர். இடுக்கியில் விளைந்த மிளகும் பருமன் இருந்தால் தலச்சேரி ஆகிவிடும். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் 1957இல் அமைந்த இந்திய மிளகு மற்றும் நறுமணப்பொருள் வணிகர் சங்கம், சுருக்கமாக இப்ஸ்டா, இந்தத் தரங்களைக் கொண்டே முன்பேர வணிகம் நடத்தியது. 1997இல் அங்கே மிளகுக்கான சர்வதேச முன்பேர வணிகமும் தொடங்கியது.

அகராதியை மூடிவிட்டுக் கிடங்கின் வேலையைப் பார்க்கவேண்டும். வயநாட்டிலிருந்தும் இடுக்கியிலிருந்தும் குடகிலிருந்தும் வரும் மூட்டையில் மிளகோடு சரத்தின் காம்பு, இலைத்துணுக்கு, மண்கட்டி, பொக்கு, குண்டூசித் தலை அளவே உள்ள பிஞ்சு எல்லாம் கலந்திருக்கும். தரையில் கொட்டிய குவியலைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்து முறத்தில் அள்ளுவார்கள். முறம் மேலே எழும்போது பொக்கு காற்றில் முன்னுக்குப் போய் விழும், முற்றிய மணி அடிப்பக்கம் தங்கும். மிளகுத் தூசி மூக்கிலும் கண்ணிலும் ஏறும், அதனால் முந்தானையால் முகத்தைக் கட்டிக்கொண்டே வேலை நடக்கும். ஆங்கிலத்தின் கார்பிள் என்ற ஒற்றை வினை அடக்கிவைத்திருக்கும் இந்த வேலைக்குத் தமிழில் தனித்தனி வினைகள் இருக்கின்றன. முறத்தை மேலும் கீழும் வீசிப் பதரைப் பறக்கவிடுவது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்து மணியையும் கல்லையும் பிரிப்பது கொழித்தல். தூசியையும் நொய்யையும் நுனிக்குத் தட்டி ஒதுக்குவது தெள்ளுதல். துளைவழி விடுவது சலித்தல். பெகலோட்டி முதல் அக்மார்க் வரை சொல்லின் வரலாற்றில் வணிகர், அதிகாரி, தரகர் எல்லாருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. அந்தச் சொல் குறிக்கும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த பெண்களுக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. இந்த ஆய்வில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான். இப்போது பெரிய ஆலைகளில் கல் பிரிக்கும் எந்திரமும் நிறம் பார்த்துத் தள்ளும் எந்திரமும் வந்துவிட்டன, முறங்கள் குறைந்துவருகின்றன.

சலித்துத் தள்ளியதற்கும் ஒரு கதை உண்டு. பழைய ஆங்கிலத்தில் கார்பிள் என்ற பெயர்ச்சொல் நறுமணப்பொருளின் கழிவையே குறித்தது. அதாவது வினை கழிவை நீக்குவது, பெயர் அந்தக் கழிவு. மட்டாஞ்சேரியில் கழிவாக ஒதுங்கிய பொக்கு மிளகுக்கு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்வு வந்தது. முற்றாத மணியில் மாவுச்சத்து குறைவு, எண்ணெயும் காரச்சத்தும் விகிதத்தில் அதிகம். ஆகவே ஓலியோரெசின் என்ற சாற்றை வடிப்பவர்களுக்கு அதுவே விருப்பமான சரக்கு. கோலஞ்சேரிக்கு அருகே 1972இல் தொடங்கிய சிந்தைட் போன்ற நிறுவனங்கள் இந்தச் சாற்றை உலகெங்கும் விற்கின்றன. முறத்தின் நுனியில் விழுந்ததற்கு இப்போது தனி விலை, தனித் தரப்பெயர்.

சில ஆங்கில அகராதிகள் சலித்தல் என்ற பொருளை வழக்கொழிந்தது என்று குறிப்பிடுகின்றன. எந்த ஊரின் வழக்கில் ஒழிந்தது என்று அவை சொல்லவேண்டும். கொச்சியில் வணிகமே அந்தப் பொருளில் நடக்கிறது. மருந்தியல் மாணவர்களும் அதை அறிவார்கள். மூலிகையைப் பறித்தல், உலர்த்தல், பிறகு கார்பிளிங், கடைசியில் பொதிதல் என்ற வரிசை அவர்களுடைய பாடத்தில் இன்றும் இருக்கிறது. மறுபுறம், 1986இல் ஆண்ட்ரூ யாவ் முன்வைத்த மறையாக்க முறைக்கு 1990இல் மற்ற ஆய்வாளர்கள் கார்பிள்ட் சர்க்யூட் என்று பெயரிட்டார்கள். அங்கே வேண்டுமென்றே செய்யும் குழப்பம் ரகசியத்தைக் காக்கும் கருவியாக இருக்கிறது.

கொச்சியில் இந்தச் சொல்லுக்குச் சோதனை வந்தது 2012 டிசம்பரில். முன்பேர வணிகப் பரிமாற்றகம் ஒன்றின் அங்கீகாரம் பெற்ற கொச்சிக் கிடங்குகளில் 6,000 டன்னுக்கு மேற்பட்ட மிளகை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முத்திரையிட்டு மூடினார்கள். மணிகளில் கனிம எண்ணெய் இருப்பதாகக் குற்றச்சாட்டு. எண்ணெய் பூசினால் மிளகு மினுங்கும், பூசணமும் சட்டென்று தெரியாது. வணிகருக்கும் வங்கிக்கும் முதலீட்டாளருக்கும் பெரும் இழப்பு, நீண்ட வழக்குகள். எம்ஜி 1 என்ற தரத்தின் அட்டவணையைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், பிறபொருள், பொக்கு, ஈரம் ஆகிய எதுவும் கனிம எண்ணெயைக் காட்டிக்கொடுக்காது. சல்லடை பிரிப்பது பருமனையும் பாரத்தையும் மட்டுமே. மணியின் தோலில் ஒட்டியதைப் பிரிக்க ஆய்வுக்கூடம் வேண்டும். அதற்கான வேலையைக் குறிக்கக் கார்பிள் என்ற சொல்லில் இடம் கிடையாது, அது பெகலோட்டியின் காலத்துக் கலப்படத்துக்காக உருவான சொல்.