எம்.எஸ். என்னும் இரண்டெழுத்து: மருத்துவப் பதிவேட்டின் மொழியும் புனே நகரமும்

இதயநோய் மருத்துவர் ஒருவர் நோயாளியின் குறிப்பில் ‘எம்.எஸ்.’ என்று எழுதினால் அது மைட்ரல் வால்வுச் சுருக்கம். நரம்பியல் மருத்துவர் எழுதினால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மருந்துச் சீட்டில் வந்தால் மார்ஃபின் சல்பேட்டாகவும் இருக்கலாம். அவரவர் அறைக்குள் இதனால் குழப்பம் எழுவதில்லை. சூழலே பொருளைத் தீர்மானித்துவிடுகிறது. சிறப்புத் துறைகளுக்கெனத் தனித்தனியே உருவான மின்னணுப் பதிவேட்டு மென்பொருள்கள் இந்த அறைமொழியை அப்படியே கணினிக்குள் ஏற்றின. பதிவு ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்குப் பயணப்படத் தொடங்கிய பிறகே சிக்கல் புலப்பட்டது. நோயாளி பெயர்கிறார், சுருக்கக்குறியும் உடன் பெயர்கிறது, சூழல் மட்டும் பின்தங்கிவிடுகிறது.

இதற்கான தீர்வும் ஒரு சிறப்புத் துறையிலிருந்தே வந்தது என்பது கவனத்திற்குரியது. 1965இல் அமெரிக்க நோய்க்குறியியலாளர் கல்லூரி ஸ்நாப் என்னும் பெயரிடு முறையை வெளியிட்டது. உடலின் இடம், திசுவின் உருமாற்றம், நோய்க்காரணம், செயல்பாடு என நான்கு அச்சுகளில் ஒவ்வொரு கண்டறிதலையும் அது பகுத்தது. ஒரு சொல்லை உருபன்களாகப் பிரிக்கும் இலக்கணியின் பணிக்கு இது மிக நெருக்கமானது. அம்முறையே வளர்ந்து 1970களில் ஸ்நோமெட் ஆயிற்று. மறுபுறம், 1980களில் இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் பொது மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ரீட் தம் அன்றாடத் தேவைக்கெனக் குறியீடுகளை அமைத்தார். அக்குறியீட்டின் எழுத்துகளே படிநிலையையும் சுட்டின. ஆகவே ஒரு நோய் ஒரே கிளையில்தான் அமர முடிந்தது. காசநோய் மூளையுறை அழற்சியைத் தொற்றுநோயில் சேர்ப்பதா, நரம்பு நோயில் சேர்ப்பதா? இரண்டிலும் என்பதே சரியான விடை. ஆனால் அந்த அமைப்பில் அதற்கு இடமில்லை.

இவ்விரு மரபுகளும் இணைந்து 2002இல் ஸ்நோமெட் சி.டி. வெளியானது. அதில் எண்ணுக்குத் தன்னளவில் பொருள் எதுவும் இல்லை. மைட்ரல் வால்வுச் சுருக்கம் 79619009. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் 24700007. எண்ணைப் பார்த்து நோயின் துறையை ஊகிக்க இயலாது. சொற்கள் எண்ணோடு இணைக்கப்படுகின்றன. உறவுகள் தனியே பதியப்படுகின்றன. ஒரு கருத்துக்குப் பல தாய்க்கருத்துகள் இருக்கலாம். குறியின் இடுகுறித்தன்மை பற்றிச் சசூர் வகுப்பறையில் விளக்கியதை மருத்துவத் தகவலியலாளர் நடைமுறைத் தேவையின் நெருக்கடியில் சென்றடைந்தனர் எனலாம்.

இந்தியாவில் இவ்வரலாறு புனேவுக்கு வந்து சேர்கிறது. மைய நலவாழ்வு அமைச்சகம் மின்னணு மருத்துவப் பதிவேட்டுத் தரநிலைகளை 2013இல் அறிவித்து, 2016இல் திருத்தியது. ஸ்நோமெட்டைப் பராமரிக்கும் பன்னாட்டு அமைப்பில் இந்தியா 2014இல் உறுப்பினரானது. தரநிலைகளுக்கான தேசிய வள மையம் புனேயின் சி-டாக் நிறுவனத்தில் அமைந்தது. 1988இல் தொடங்கப்பட்ட சி-டாக்கைப் பரம் மீக்கணினிக்காகவே பலரும் அறிவர். மொழியியல் மாணவருக்கு அதைவிட முக்கியமானது அங்கு இயங்கிய ஜிஸ்ட் குழு. இந்திய எழுத்துகளுக்குப் பொதுவான இஸ்கி குறிமுறை 1991இல் தேசியத் தரநிலையாவதில் அக்குழுவினரின் பங்கு பெரிது. தேவநாகரியின் ‘க’வுக்கும் தமிழின் ‘க’வுக்கும் ஒரே எண் தந்த முறை அது. (தமிழுக்கு அது பொருந்தியதா என்பது தனி வழக்கு, இன்றும் முடியவில்லை.) எழுத்துக்கு எண் தந்த நிறுவனமே பின்னாளில் நோய்க்கருத்தின் எண்களுக்கும் இந்நாட்டில் பொறுப்பேற்றது.

ஆனால் இவ்விரு பணிகளுக்கும் இடையே ஓர் இடைவெளி நீடிக்கிறது. புனேயில் ஒரு நோயாளி ‘சக்கர்’ என்பார். மதுரையில் ‘மயக்கமா வருது’ என்பார். தமிழில் ‘மயக்கம்’ என்பது தலைசுற்றலையும் குறிக்கும், நினைவிழப்பையும் குறிக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலாவதைத் தேடுவார். இதயநோய் மருத்துவர் இரண்டாவதைக் கண்டு அஞ்சுவார். ஸ்நோமெட்டில் இவை வெவ்வேறு கருத்துகள், வெவ்வேறு எண்கள். மருத்துவர் நோயாளியின் மொழியில் கேட்டு, மனத்திற்குள் ஒன்றைத் தேர்ந்து, ஆங்கிலத்தில் பதிகிறார். அத்தேர்வு நிகழ்ந்தது என்பதற்கே பதிவேட்டில் தடயம் இருப்பதில்லை. ‘எம்.எஸ்.’ குழப்பத்தையாவது பின்னர் எவரேனும் கண்டறிய முடியும், அந்த இரண்டெழுத்து தாளில் நிற்பதால். ‘மயக்கம்’ தாளுக்கே வருவதில்லை.

2021இல் தேசிய அளவில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்திற்கான தரவுப் பரிமாற்ற வழிகாட்டியையும் இப்புனே மையமே வெளியிடுகிறது. அது ஃபயர் என்னும் பன்னாட்டுத் தரநிலையை ஒட்டியது. அத்தரநிலையில் குறியீட்டு எண்ணுக்கு அருகிலேயே, சொன்ன சொல்லைச் சொன்னபடி எழுதிவைக்க ஒரு புலம் உண்டு. அப்புலம் யுனிகோடை ஏற்கும். யுனிகோடின் இந்திய எழுத்துப் பகுதிகள் இஸ்கியின் வரிசையைத் தழுவி அமைந்தவை. அங்கே ‘மயக்கம்’ என்று எழுதத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.