மலையடிவாரத்தில் பிறந்த கிஸ்தி

புதூர்நாட்டிலிருந்து மேற்கே மலையிறங்கினால் எதிர்ப்படும் பெரிய ஊர் திருப்பத்தூர். சாமையும் கடுக்காயும் புளியும் தேனும் சந்தைக்குக் கொண்டுவந்து, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு மலையேறும் ஜவ்வாது மலை ஜனங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய இந்த ஊரில்தான், சென்னை ராஜதானியின் பெரும்பகுதியைப் பின்னர் ஆட்டிவைத்த ஒரு வரிமுறை உருவாயிற்று.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த சீமைகளில் பாராமகாலும் ஒன்று. அதை நிர்வகிக்க வந்த காப்டன் அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூரையே தமது இருப்பிடமாக்கிக்கொண்டார். அவருக்கு உதவியாளராகத் தருமபுரியில் அமர்ந்தவர், பின்னாளில் சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோ. ஜமீன்தாரையும் குத்தகைதாரரையும் நடுவில் நிறுத்தாமல், வயல் வயலாக அளந்து, உழுகிறவனிடமே தீர்வையைப் பேசி முடிக்கும் ரயத்துவாரி முறை இவ்விருவர் கையில்தான் வளர்ந்தது.

ஏழைக் குடியானவனுக்கு இதனால் உபகாரமே என்று சொல்லுவோர் உண்டு. ஒருவகையில் அது வாஸ்தவந்தான். ஆனால் அந்த உபகாரம் சர்க்காருக்கு எத்தகைய வினையாக முடியும் என்பதை ரீட் துரை அப்போது எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். முன்பெல்லாம் வரி மிஞ்சிப்போனால் பாளையக்காரரை நொந்துகொள்ளலாம், குத்தகைதாரரைச் சபிக்கலாம். இப்போதோ பட்டாவில் தன் பெயர், எதிரே சர்க்கார் முத்திரை, இடையே எவருமில்லை. கட்டபொம்மன் கிஸ்தித் தகராறில் தொடங்கி 1799-இல் தூக்குமேடை ஏறியது ஓர் அரசுரிமையின் வழக்கு. ரயத்தின் கையில் வாளும் இல்லை, கோட்டையும் இல்லை. மனு ஒன்றுதான் இருந்தது.

அந்த மனு 1852-இல் லண்டனுக்கே போயிற்று. காஜுலு லட்சுமிநரசு செட்டியார் சென்னையில் நிறுவிய சுதேசிகள் சங்கம் பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் எழுதியது. டான்பி சீமோர் என்ற அங்கத்தினர் மறுவருஷம் இங்கே வந்தபோது, அவரைக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று காட்டியவரும் அதே செட்டியார்தாம். விளைவாக 1855-இல் வெளிவந்த சித்திரவதை விசாரணை அறிக்கையை இன்று படித்தாலும் உடல் கூசும். கிஸ்தி பாக்கிக்காரனின் விரல்களைக் கிட்டி என்னும் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பது, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிய வைத்து, முதுகிலே கல்லேற்றி வெயிலில் நிறுத்துவது என்று அது வரிசையாகச் சொல்லுகிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு, குற்றமெல்லாம் கீழ்ச் சிப்பந்திகளுடையது, துரைமார் இதற்கு உடந்தையல்ல என்று முடித்தார்கள்! பாளையக்காரன் போன இடத்தில் தாசில் சேவகனைக் கொண்டுவந்து நிறுத்திப் பழியை அவன் தலையில் கட்டிவிடும் இந்த யுக்தி, ஜமாபந்திதோறும் தொகை எங்கே போய்ச் சேருகிறதென்று பார்த்திருந்த குடியானவனிடம் செல்லுபடியாகவில்லை.

மலைமேல் வந்த கஷ்டம் வேறு தினுசு. ஏர் பூட்ட முடியாத சரிவில் காட்டை வெட்டிச் சுட்டு, மண்ணைக் கொத்திச் சாமை விதைக்கும் கொத்துக்காடு, மலையாளிகள் எனப்படும் இம்மலை ஜனங்களின் பரம்பரை விவசாயம். 1882-ஆம் வருஷத்துச் சென்னைக் காட்டுச் சட்டமோ, ரிசர்வ் என்று எல்லைக்கல் நட்ட காட்டில் அனுமதியின்றி இப்படிப் பயிரிடுவதையும் ஆடுமாடு மேய்ப்பதையும் விறகொடிப்பதையும் குற்றமாக்கிற்று. நேற்றுவரை பாட்டன் காடாக இருந்ததில் மாட்டை ஓட்டிச் செல்ல இன்று சீட்டு வாங்க வேண்டும். இந்த ஆத்திரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறியக் கிழக்கு மலைத்தொடரின் வடபகுதியைப் பார்க்க வேண்டும்: கோதாவரிப் பக்கத்து ரம்பா மலையில் 1879-இல் மூண்ட கலகத்துக்குக் கள்ளின்மேல் போட்ட வரி ஒரு முக்கிய காரணம், 1922-இல் பல்நாட்டில் மேய்ச்சல் வரி கட்ட மறுத்த கன்னெகண்டி ஹனுமந்து சுட்டுக் கொல்லப்பட்டார், அதே வருஷம் அல்லூரி சீதாராம ராஜு மலைவாசிகளைத் திரட்டிப் போலீஸ் ஸ்டேஷன்களைத் தாக்கினார். ரம்பாக் கலகக்காரர்கள் கள்வரியை எடுக்கச் சொன்னார்கள். ராஜுவின் காலத்திலோ, வெள்ளைக்காரன் ஆட்சியே போகவேண்டும் என்ற பேச்சு மலைக்காட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

பட்டாவும் மாடும் இல்லாதவனைக்கூடத் தேடிப் பிடித்தது உப்பு வரி. 1923-இல் சட்டசபை வேண்டாமென்று தள்ளிய பிறகும், வைசிராய் ரீடிங் பிரபு தமது விசேஷ அதிகாரத்தால் மணங்குக்கு ஒன்றே கால் ரூபாயாக இருந்த அந்த வரியை இரண்டரை ரூபாயாக்கினார். மறுவருஷம் பழைய விகிதத்துக்கே இறக்க நேர்ந்தது. கடலையே காணாத மலைக்காரன் சந்தையில் ஒருபடி உப்பு வாங்கினாலும் அதில் சர்க்கார் பங்கு இருந்தது. ஆகவேதான் 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்களோடு நடந்தபோது, அந்த வழக்கின் நியாயத்தை எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1937-இல் அதே ராஜாஜி முதன்மந்திரியாகிச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குக் கொண்டுவந்தார். இரண்டு வருஷத்தில் அது வட ஆற்காட்டுக்கும் வந்தது. கள்ளுக்கடை வருமானம் போன குறையை நிரப்ப 1939-இல் விற்பனை வரி போட்டபோது, நேற்றுவரை காங்கிரஸுக்குப் பணம் கொடுத்த வியாபாரிகளுக்கும் முகம் சுருங்கிற்று. அந்தத் தகராறை அடுத்த இதழில் காண்போம்.