பழைய கந்தோரை இடிக்கமுன் ஒரு நியூயோர்க் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் டவுனில் இருக்கிற அந்தப் பழைய இரண்டு மாடிக் கந்தோரைப் பற்றி மூன்று கிழமையாக வட்ஸ்அப் குழுக்களில் சண்டை நடக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். துளை போட்ட சீமெந்துக் கல் முகப்பு, சிவப்புப் பொலிஷ் நிலம், படிக்கு அடியில் எப்போதும் படுத்திருக்கும் நாய். அதை இடித்துவிட்டு எட்டு மாடியில் கண்ணாடிக் கட்டடம் வரவேணும் என்று ஒரு பகுதி. ஒரு கல்லும் தொடக்கூடாது என்று இன்னொரு பகுதி.

சரித்திரம் படிப்பிக்கும் நாங்கள் இதில் வாய் திறக்காமல்தான் இருந்தோம். ஆனால் போன கிழமை பதினோராம் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், நியூயோர்க்கிலயே ஐம்பது மாடியை இடிச்சுப்போட்டுத்தானே புதுசு கட்டினவங்கள். எங்கட ரெண்டு மாடிக்கு ஏன் இவ்வளவு கதை?"

பிள்ளை சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் கதையை அரைவாசியில் நிறுத்தக்கூடாது.

நியூயோர்க்கில் பார்க் அவெனியு 270ஆம் இலக்கத்தில் 1960இல் ஒரு கட்டடம் முடிந்தது. 52 மாடி, 707 அடி. கட்டியது யூனியன் கார்பைட் கம்பனி. ஓம், போபால் என்றதும் நினைவுக்கு வரும் அதே பெயர்தான். 1984இல் போபாலில் விஷவாயு கசிந்தபோது கம்பனி அந்தக் கட்டடத்தில் இல்லை. 1978லேயே ஒரு வங்கிக்கு விற்றாகிவிட்டது. அந்த வங்கி வேறு வங்கிகளோடு சேர்ந்து சேர்ந்து, கடைசியில் ஜேபி மோர்கன் சேஸ் ஆனது.

கட்டடத்தை வடிவமைத்ததில் பெரும் பங்கு நட்டாலி டி புளுவா என்ற பெண்ணுடையது. அந்தக் காலத்தில் உயர்ந்த கட்டடங்களை வரையும் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். பல வருடங்களாகப் புகழ் முழுவதும் அவருக்கு மேலிருந்த கோர்டன் பன்ஷாஃப்டுக்கே போனது. இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த பிறகுதான் நிறையப் பேர் அந்தப் பெண்ணின் பெயரைத் தேடி வாசித்தார்கள். அதற்குள் அவர் இறந்து ஐந்து வருடம்.

அந்தக் காணிக்கு அடியில் பெரும்பகுதி ரயில் பாதை. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்குப் போகும் தண்டவாளங்கள். லிப்ட்டுக்குக் குழி வெட்ட இடமில்லாததால் லிப்ட்டை இரண்டாம் மாடியிலிருந்து தொடங்க வைத்தார்கள். சனம் அதுவரை நகரும் படியில் ஏறிப் போனது. அதற்கு முன்பு அங்கே இருந்தது 1917இல் கட்டிய மார்கரி என்ற ஹோட்டல். அதை இடித்துத்தான் இதைக் கட்டினார்கள். அதாவது பின்னால் இடிபட்டதும் ஒரு காலத்தில் இடித்த கட்டடம்தான்.

இப்போது எங்கள் பிள்ளை விட்ட பகுதிக்கு வருகிறோம். 2018இல் இடிக்கும் அறிவித்தல் வந்தபோது அந்தக் கட்டடத்துக்கு 58 வயது. அது இடிந்து விழும் நிலையில் இருந்ததா? இல்லவே இல்லை. அதற்கு முந்திய பத்து வருடத்துக்குள்தான் பெரும் செலவில் முழுதாகப் புதுப்பித்து, பசுமைக் கட்டடங்களுக்குக் கொடுக்கும் சான்றிதழில் உச்சமான பிளாட்டினம் தரமும் வாங்கியிருந்தார்கள். பின்னே ஏன் இடித்தார்கள்?

காரணம் காணிக் கணக்கு. 2017இல் அந்தப் பகுதிக்கான நகரச் சட்டத்தை மாற்றினார்கள். அதை எங்கள் ஊர்ப் பாணியில் சொன்னால் இப்படி. உங்கள் அயல்வீட்டுக்காரருக்கு ஐந்து மாடி கட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர் வீடு பழம்பெரும் வீடு, பாதுகாக்கப்பட்டது, ஒன்றுக்கு மேல் கட்ட மாட்டார். மிச்சம் நாலு மாடியின் உரிமையை உங்களுக்கு விற்கிறார். நீங்கள் அதை வாங்கி உங்கள் கூரைக்கு மேலே அடுக்குகிறீர்கள். அங்கே காற்றுக்கும் உறுதி எழுதுவார்கள்! வங்கி கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேலிருந்த உரிமையையும், பக்கத்திலிருந்த ஒரு பழைய தேவாலயத்தின் உரிமையில் ஒரு பங்கையும் வாங்கியது. அந்தக் கணக்கில் நல்ல கட்டடமும் குறைந்த கட்டடமாகிவிட்டது.

2019இல் தொடங்கி 2021 வரை மேலிருந்து கீழாகக் கழற்றினார்கள். அதுவரை உலகத்தில் உரிமையாளரே விரும்பி இடித்த கட்டடங்களில் அதுதான் ஆக உயரம். பிறகு சிங்கப்பூரில், எங்கள் சனம் வேலைக்குப் போய்வரும் ஷென்டன் வேயில், 235 மீற்றர் உயரமான ஆக்ஸா டவர் அதை முந்தியது. அது 1986இல் கட்டியது. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

நியூயோர்க்கின் புதிய கட்டடம் 2025 ஒக்டோபரில் திறந்தது. 60 மாடி, 1,388 அடி. மாடி எட்டுத்தான் கூட, உயரமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. கீழே அதே தண்டவாளங்கள் இருப்பதால், தூண்கள் விசிறி போலக் கீழ்நோக்கி ஒடுங்கி, நிற்கக்கூடிய சில இடங்களில் மட்டும் கால் ஊன்றுகின்றன. படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எங்களுக்கும் வந்தது.

அங்கே இடித்ததற்குக் காரணம் காணித்துண்டின் விலை. இங்கே அந்தக் கந்தோருக்குப் பின்னால் வெறும் வளவு கிடக்கிறது, மாடு மேய்கிறது. எட்டு மாடிக்கு ஏறவேண்டிய நெருக்கடி எங்கே? 2022இல் நாடு வங்குரோத்தானபோது சீமெந்து விலை எங்கே போனது, எத்தனை அரச வேலைகள் பாதித் தூணோடு நின்றன என்பதை நாங்கள் மறந்திருக்க மாட்டோம். பழையதை இடித்தபின் காசு நின்றால் இரண்டு மாடியும் இல்லை, எட்டு மாடியும் இல்லை.

இன்னொரு பக்கத்துக் கதையும் உண்டு. சென்னையில் அண்ணா சாலையில் நிற்கும் எல்.ஐ.சி. கட்டடத்தைப் பழைய தமிழ்ப் படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஊரிலிருந்து பட்டணத்துக்குக் கதாநாயகன் வந்துவிட்டான் என்றால் அந்தக் கட்டடத்தைக் காட்டுவார்கள். 177 அடி, 1959இல் திறந்தது. அதைக் கனவு கண்டவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். தனது காப்புறுதிக் கம்பனிக்காகத் தொடங்கினார். 1954இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 1956இல் ஆயுள் காப்புறுதி அரசுடைமையானது, கட்டடமும் எல்.ஐ.சி.க்குப் போனது. 1975இல் பெரிய தீ பிடித்தது. இடித்துவிட அதைவிட நல்ல சாட்டு கிடைக்குமா? திருத்தினார்கள். இன்றும் அங்கே வேலை நடக்கிறது. கொழும்புக் கோட்டையில் அதே காலத்துச் செலிங்கோ ஹவுஸும் 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதப்பட்டுத் திருத்தப்பட்டதுதான்.

ஆகவே வயதும் தீயும் குண்டும் தாங்களாக ஒரு கட்டடத்தை முடிப்பதில்லை. யாரோ கணக்குப் போட்டு முடிவெடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் எதைச் சேர்த்தார்கள் என்றுதான் கேட்கவேணும்.

வன்னியில் சேர்க்கவேண்டிய ஒன்று இருக்கிறது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி 1984இல். அதற்கு முன் முல்லைத்தீவின் பெரும்பகுதிக்கு வவுனியாதான் கச்சேரி. போரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கந்தோர்கள் உடைந்தன, எரிந்தன. கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைச் சுற்றுலாக்காரருக்குக் காட்ட வைத்திருந்தார்கள். உடைந்த கந்தோர்களில் என்னென்ன பதிவுப் புத்தகங்கள் போயின என்று யாரும் பலகை எழுதி வைக்கவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பங்களும் முல்லைத்தீவிலிருந்து புத்தளம் போய்ச் சேர்ந்தன. பிள்ளையைத் தூக்குவதா, அரிசியைத் தூக்குவதா என்ற நேரத்தில் காணிப் பேமிட்டை எடுக்க யாருக்கு ஞாபகம் வரும்? பிறகு 2009இல் கடைசியாக நந்திக்கடல் வரை நடந்த தமிழ்ச் சனத்துக்கும் அதே நிலைதான். திரும்பி வந்தபோது எல்லோரிடமும் கேட்ட கேள்வி ஒன்று: "பத்திரம் எங்கே?"

எங்கள் உறவில் ஒரு உம்மம்மா. காடு வெட்டிய காணிக்கு 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவருடைய மனிசனுக்குப் பேமிட் கொடுத்திருந்தார்கள். கையில் துண்டுக் கடதாசியும் இல்லை. இரண்டு வருடம் அலைந்தார். கடைசியில் இதே பழைய கந்தோரின் மேல்மாடியில், மர அலுமாரியின் அடித்தட்டில், கறையான் ஓரம் தின்ற ஒரு லெட்ஜரில் அந்தப் பெயர் இருந்தது. பெயர், காணி அளவு, திகதி. தேடிக் கொடுத்தவர் அங்கே வேலை செய்த ஒரு தமிழ் ஐயா. அலுமாரிகளின் ஒழுங்கு அவருக்கு மனப்பாடம். அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

கந்தோர் இடம் மாறுவது எப்படி நடக்கும் என்றும் எங்களுக்குத் தெரியும். வேறொரு அலுவலகம் மாறிய நாளில் நாங்கள் வீதியில் நின்றோம். மாரி மழை. உழவு இயந்திரப் பெட்டியில் கோப்புகளை அள்ளிப் போட்டு, பாதிக்குத்தான் படங்கு எட்டியது. அடுத்த நாள் வடிகானில் நீலக் கடதாசி மிதந்தது.

இதைச் சொன்னதும் "பார்த்தீர்களா, இடிக்கவே கூடாது" என்று சந்தோஷப்படுபவர்களுக்கும் ஒரு சொல். அந்தக் கந்தோரில் சாய்வுப்படி இல்லை, லிப்ட் இல்லை. காணிப் பகுதி மேல்மாடியில். போரில் காலிழந்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கிற மாவட்டங்களில், ஒரு மனிதர் ஊன்றுகோலோடு படியடியில் நின்று, யாராவது கடதாசியைக் கீழே கொண்டுவந்து கையெழுத்து வாங்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதை நாங்கள் எத்தனை தரம் கண்டிருக்கிறோம். அவரிடம் போய் "இது எங்கள் மரபுரிமை" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. பின்பக்கச் சிலாப்பில் கொங்கிரீட் உதிர்ந்து கம்பி துருவேறித் தெரிகிறது. அது திருத்தக்கூடிய துருவா, திருத்த முடியாததா என்பதைப் பொறியியலாளர் ஒருவர் பரிசோதித்து எழுத்தில் தரவேணும். அறிக்கையை எல்லோரும் வாசிக்கும்படி ஒட்டவேணும். வட்ஸ்அப்பில் கைதூக்கி முடிவெடுக்கிற விஷயமல்ல அது.

எங்கள் கருத்தைக் கேட்டால், பின் வளவில் லிப்ட்டோடு நாலு மாடி கட்டலாம், முன்னால் இருப்பதைத் திருத்திப் பதிவறையாக வைக்கலாம். அறிக்கை வேறு மாதிரி வந்தால் நாங்கள் ஒத்துக்கொள்வோம். ஆனால் எந்த முடிவானாலும் முதல் கடப்பாரை விழமுன் லெட்ஜர்கள் ஒவ்வொன்றும் எண்ணிப் பட்டியல் போட்டு, படம் பிடித்து, காய்ந்த இடத்துக்குப் போயிருக்கவேணும். மழைக்கு முன்.

வாற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அனுமதி எடுத்தாகிவிட்டது. கட்டடத்தை நாடாவால் அளப்போம், ஒவ்வொரு அறையையும் படம் எடுப்போம், பழைய உத்தியோகத்தர்களின் கதையை எழுதுவோம். அந்த ஓய்வுபெற்ற ஐயாவும் வர ஒத்துக்கொண்டிருக்கிறார். 1990க்கு முன் அந்தக் கந்தோர் வாசலில் எடுத்த படம், பற்றுச்சீட்டு, பேமிட் பிரதி ஏதாவது யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள். அங்கேயே படம் பிடித்துவிட்டுக் கையோடு திருப்பித் தருவோம். கேள்வி கேட்ட பிள்ளைக்குத்தான் நாடாவின் மற்ற முனை.