மெட்ராஸுக்கு வந்த அலி, லாஸ் வேகாஸில் வாங்கிய அடி

1980 ஜனவரியில் முகமது அலி மெட்ராஸுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அப்போது அவர் ஓய்வை அறிவித்துவிட்ட வீரர், வயது 38. வடசென்னையில் பரம்பரை பரம்பரையாகக் கையுறை மாட்டிய நம் மக்களுக்கு அது சாமியே தெருவுக்குள் வந்த மாதிரி. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் குத்துச்சண்டை வெறும் விளையாட்டாக இருந்ததில்லை. மூட்டை தூக்கியவர்களும் கடலுக்குப் போனவர்களும் ஊரே பார்க்கத் தலைநிமிர்ந்து நின்ற இடம் அது. 2021-இல் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது நாம் அத்தனை பேரும் கொண்டாடியதும் அதனால்தான்.

அந்தக் கொண்டாட்டத்தில் நாம் பேசாமல் விட்ட ஒன்றைப் பேசத்தான் இந்தக் கட்டுரை. மெட்ராஸிலிருந்து போன எட்டாவது மாதம், 1980 அக்டோபர் 2 அன்று, லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸிடம் அலி வாங்கிய அடியைப் பற்றியது.

முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1967 ஏப்ரல் 28 அன்று, வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்க்கையை அலி மறுத்தார். பட்டம் பறிபோனது, உரிமமும் போனது. 25 வயதிலிருந்து 28 வயது வரை, ஒரு குத்துச்சண்டை வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் காலம் முழுக்க, அவரை மேடை ஏற விடவில்லை. 1971-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. போன ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தர முடியாதே.

இந்தத் தடைக்கும் பின்னாளில் நடுங்கிய கைக்கும் தொடர்பு இருக்கிறது என்பது நம் பார்வை. தடைக்கு முன்பு 29 போட்டிகள். அப்போதைய அலியை அடிப்பதே கஷ்டம், கால் அவ்வளவு வேகம். தடைக்குப் பிறகு 32 போட்டிகள். அந்தக் கால் திரும்பவில்லை. விலகித் தப்பியவர், இப்போது வாங்கித் தாங்க ஆரம்பித்தார். 1974-இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஜார்ஜ் ஃபோர்மேனை அடிக்கவிட்டு, அவர் களைத்ததும் வீழ்த்தியதை நாம் தந்திரம் என்று சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அது தந்திரம்தான், ஆனால் அதற்கான விலை தலையிலும் சிறுநீரகத்திலும் ஏறியது. 1975-இல் மணிலாவில் ஜோ ஃபிரேசியரோடு 14 சுற்று. 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸோடு 15 சுற்று. அதன் பிறகு வந்த சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்து அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ பயந்துபோனார். அலிக்கும், மனைவிக்கும், மேலாளருக்கும் கடிதம் அனுப்பினார். பதில் இல்லை. மருத்துவர் விலகிக்கொண்டார், அலி விலகவில்லை.

ஏன் விலகவில்லை? திருப்பருத்திக்குன்றத்தில் நாங்கள் நடத்தும் மாலை வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி இதைத்தான் கேட்டாள்: "வலிச்சிருக்கும்ல அக்கா, அப்பவே நிறுத்தியிருக்கலாமே?" பக்கத்தில் இருந்த நெசவாளர் வீட்டுப் பையன் சிரித்தான். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவருக்கு முட்டியும் இடுப்பும் ஒரே நாளில் போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். நிறுத்தினால் அடுத்த வாரம் உலை வைப்பது எப்படி என்பதும் தெரியும். அலி ஏழையாக இருக்கவில்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவர் உடம்பை நம்பி ஒரு கூட்டமே பிழைத்தது.

தலையின் கதையும் முட்டியின் கதை மாதிரிதான். மண்டைக்குள் மூளை திரவத்தில் மிதக்கிறது. குத்து விழும்போது மண்டை சட்டென்று திரும்புகிறது, மூளை ஒரு கணம் பிந்துகிறது. அந்த இழுப்பில் நரம்பிழைகள் நைகின்றன. மயங்கி விழவைக்கும் ஒரு குத்தை விட, பயிற்சியிலும் போட்டியிலும் சேரும் ஆயிரக்கணக்கான சின்னக் குத்துகள்தான் ஆபத்து. கையுறை கையின் எலும்பைக் காக்கும், எதிராளியின் மூளையைக் காக்காது. 1928-லேயே அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் இதை எழுதிவிட்டார். குடிக்காமலே குடித்தவர் போல நடக்கிற, குளறுகிற பழைய வீரர்களைப் பற்றிய கட்டுரை அது.

ஹோம்ஸ் போட்டிக்கு முன் அலியை மேயோ கிளினிக்கில் பரிசோதித்தார்கள். விரலால் மூக்கைத் தொடுவதில் சின்னத் தடுமாற்றம் இருந்ததாகக் குறிப்பு எழுதினார்கள். ஆனாலும் நெவாடா ஆணையம் அனுமதி கொடுத்தது. பேசிய தொகை 80 லட்சம் டாலர். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியின் பயிற்சிக் கூட்டாளி. சுற்றுக்குச் சுற்று அடித்தார், நடுவில் நடுவரைப் பார்த்தார், நிறுத்துவார்களா என்று. எந்தச் சுற்றும் அலிக்குக் கிடைக்கவில்லை. பத்தாவது சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். போட்டியை நடத்திய டான் கிங் பேசிய தொகையில் 10 லட்சம் டாலருக்கு மேல் குறைத்தே கொடுத்தார்.

அதோடும் முடியவில்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்கோடு இன்னொரு போட்டி. முறையான மணிகூட இல்லை, மாட்டு மணியை அடித்துச் சுற்றுகளைத் தொடங்கினார்கள். அலி தோற்றார். 1984-இல் பார்க்கின்சன் நோய் என்றார்கள். குத்துச்சண்டைதான் காரணமா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நோய்க்குப் பெயர் வைக்கும் முன்பே பேச்சு மாறியிருந்தது. பழைய பேட்டிகளை அளந்து 2017-இல் அரிசோனா ஆய்வாளர்கள் சொன்னது: 1968-இல் நொடிக்கு சுமார் 4 அசை பேசியவர் 1981-இல் 3 அசைதான் பேசினார். அமெரிக்காவின் வெள்ளை ஆதிக்கத்தை வாயாலேயே அடித்தவர், அந்த வாய்தான் முதலில் தளர்ந்தது. 1996-இல் அட்லாண்டாவில் நடுங்கும் கையோடு ஒலிம்பிக் தீபம் ஏற்றியபோது உலகம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டியவர்களில் எத்தனை பேர் 1980-லும் டிக்கெட் வாங்கியிருப்பார்கள்?

1982-இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ போட்டியில் வாங்கிய அடியால் இறந்த பிறகுதான் 15 சுற்றுப் பட்டப் போட்டிகள் 12 சுற்றாகக் குறைந்தன. ஒரு உயிர் போனால் விதி மாறும், மெல்ல மங்கிய மூளைக்காக எந்த விதியும் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை.

வடசென்னையில் அந்தக் காலத்தில் மேடை ஏறிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாய்மொழி வரலாறு சேகரிக்கப் போகும் தோழர்கள் யாரை எத்தனையாவது சுற்றில் வீழ்த்தினார் என்று கேட்டுவிட்டு வந்துவிட வேண்டாம். எத்தனை ஆண்டு ஆடினார், வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி, எப்போதிலிருந்து பேச்சு குழறியது, எப்போதிலிருந்து பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்தது என்றும் கேளுங்கள். அவருக்கு நினைவில்லை என்றால் அவர் மனைவியிடம் கேளுங்கள்.