கணக்கு நோட்டில் நம்ம கூலி

நம் கூட்டமைப்பு மலருக்காகத் தொழில் பயிற்சியின் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். பெரிய படிப்பு எனக்கில்லை. குழுவில் ஊக்குநராக இருந்தவள், பல பயிற்சிகளில் உட்கார்ந்து எழுந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

நம்ம பெருங்குடி இன்றைக்குச் சென்னை மாநகராட்சியின் 14-வது மண்டலம். 2011 வரை பேரூராட்சி. அதற்கும் முன்னால் ஏரியும் வயலும் மாடும் இருந்த ஊர். 2000-இல் பக்கத்துத் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். பழைய மாமல்லபுரம் சாலை முழுக்கக் கம்பெனிகள் வந்தன. வயல் போச்சு. ஆனால் வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேணுமே! மாவு, சப்பாத்தி, மசாலாப் பொடி, கட்டுச் சாதம் என்று நம் பெண்களின் பிழைப்பு வயலிலிருந்து அடுப்படிக்கு மாறியது.

பெண்கள் சேர்ந்து தொழில் செய்வது சென்னைக்குப் புதுசு இல்லை. 1978-இல் ஜெயா அருணாசலம் அம்மா 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இட்லி சுட்டவர்கள், காய்கறி, பூ விற்றவர்கள் தெருவாரியாகக் குழு சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வங்கிக் கடன் வாங்கினார்கள். 1981-இல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவு சங்கமும் அமைத்தார்கள். அந்தப் பெண்களுக்கு விற்கத் தெரியாமல் இல்லை. காலையில் வாங்கிய பணத்துக்குச் சாயங்காலம் கட்டிய வட்டிதான் லாபத்தைத் தின்றது. அதனால் அன்றைக்கு முதல் தேவை கடன்.

1983-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வந்தது. 1989-இல் ஐஃபாட் என்ற பன்னாட்டு நிதி உதவியோடு தருமபுரியில் குழுக்கள் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்ப்போம் என்று நாடு முழுவதற்கும் ஒரு முன்னோட்டத் திட்டம் போட்டது. 1997-98-இல் மகளிர் திட்டம் வந்து, படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. உறுப்பினர்களுக்கு நான்கு நாள், ஊக்குநர், பிரதிநிதிகளுக்கு ஆறு நாள் பயிற்சி. தீர்மான நோட்டு, சேமிப்புப் பதிவேடு, உள்கடன், வங்கிக்குப் போய்ப் பேசுவது எல்லாம் அங்கேதான் படித்தோம். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்து வந்தது தொழில் திறன் பயிற்சி. ஊறுகாய், அப்பளம், வடகம், சத்துமாவு. எல்லாரும் நல்லாவே கத்துக்கிட்டோம். வந்த சிக்கல் வேறு. பத்துக் குழுவுக்கும் ஒரே பயிற்சி, பத்துக் குழுவும் ஒரே எலுமிச்சை ஊறுகாய். பக்கத்து வீட்டிலும் அதே ஊறுகாய் இருந்தால் யார் வாங்குவது? நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் கண்காட்சி போட்டபோது வியாபாரம் நடந்தது. கண்காட்சி முடிந்த மறுநாளும் விற்க வேண்டும், அதுதான் தொழில். அதனால் யாருக்கு விற்கிறோம், என்ன விலை, எப்படிக் கட்டுவது என்ற பாடங்கள் தேவைப்பட்டன. 2006-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2011-இல் அமலுக்கு வந்தது. அதன் பிறகு வீட்டில் செய்து விற்பவர்களும் பதிவு எண், லேபிள், தேதி எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

இத்தனை பாடத்திலும் கடைசியாக வந்து சேர்ந்த பாடம் ஒன்று உண்டு. அது நம்ம சொந்தக் கூலி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் புரிவதற்காக நான் போட்டவை, அவரவர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

4 கிலோ இட்லி அரிசி 180 ரூபாய். 1 கிலோ உளுந்து 140. உப்பு, வெந்தயம், கரன்ட் 30. கவர் 30. மொத்தம் 380. மாவு சுமார் 12 கிலோ வரும். கிலோ 40 என்று விற்றால் 480. "நூறு ரூபா லாபம்க்கா" என்று சொல்வோம். கழுவ, அரைக்க, கட்ட, வீடு வீடாய்க் கொடுக்க மூன்று மணி நேரம் ஆகிறது. மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால் 180. அப்போ 100 ரூபாய் லாபம் இல்லை, 80 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்தை நம்ம உடம்பு கட்டுகிறது. கிலோ 50 என்று விற்றால் 600 வரும். செலவும் கூலியும் போக 40 நிற்கும். அதைக் கிரைண்டர் ரிப்பேருக்கு எடுத்து வைக்கலாம்.

"விலை ஏத்தினா வாங்க மாட்டாங்களே?" என்ற கேள்வி நியாயம்தான். அதற்குத்தான் கூட்டமைப்பு இருக்கிறது. ஐந்து குழு சேர்ந்து உளுந்தை மூட்டையாய் எடுக்கலாம், ஒரே தெருவில் ஒரே விலை வைக்கலாம். நமக்குள்ளேயே விலையைக் குறைத்துக்கொண்டு போனால் யாருக்கும் கூலி நிற்காது.

இதற்கு நல்ல முன்மாதிரி பம்பாயின் லிஜ்ஜத் அப்பளம். 1959-இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கினார்கள். அங்கே பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பளம் இடுகிற சகோதரிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. லாபத்தில் பங்கு அதற்கு மேல். வீட்டில் செய்தாலும் அது வேலை, வேலைக்குக் கூலி என்று அவர்கள் நோட்டு சொல்கிறது.

2020-இல் பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான திட்டம் வந்தது. தகுதியுள்ள திட்டச் செலவில் 35 சதவீதம் கடனோடு இணைந்த மானியம், அதிகபட்சம் 10 லட்சம். குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி. கூடவே பயிற்சியும் சேர்த்துத்தான் திட்டம் போட்டிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் திட்ட அறிக்கை எழுதும்போது வீட்டு ஆட்கள் வேலை என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், கடன் தவணை கட்டும்போது நம்ம தூக்கம்தான் போகும். பேங்க் வட்டிக்குக் கட்டம் இருக்கிற நோட்டில் நம்ம கூலிக்கும் ஒரு கட்டம் இருக்கணும்.

ஆகவே கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த பயிற்சியில் கொடுக்கிற கணக்கு நோட்டில், மூலப்பொருள், கரன்ட், கவர், வண்டிச் செலவு என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் 'என் கூலி' என்று அச்சடித்தே கொடுங்கள். காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்தால் நம்ம பொண்ணுங்க நிரப்பாமல் விட மாட்டாங்க.